கோதுமை ரொட்டியா, கறுத்த ரொட்டியா? திராட்சைத் தோட்டங்களில் ஜெஃபர்சன் கேட்ட கேள்வி

1787ஆம் ஆண்டு, மார்ச் மாதத் தொடக்கம். பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்தில் ஓர் உயரமான மனிதர் சிறு குதிரை ஒன்றில் ஏறிக்கொண்டார். உள்ளூர்க் குடியானவர் ஒருவரை இன்னொரு குதிரையில் ஏற்றி, வழிகாட்டச் சொல்லித் திராட்சைத் தோட்டங்களுக்குள் புகுந்தார். பாரிஸிலிருந்து வழிநெடுக மழை, ஆலங்கட்டி, பனி. அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. ஒயின் வடிக்கும் நிலவறைகளுக்குள் இறங்கிப் பார்த்தார். கூலித் தொழிலாளர்களின் வீடுகளுக்குள்ளும் நுழைந்து அவர்களோடு பேசினார்.

அங்கே அவர் கண்ணில் பட்டது ரொட்டி.

பொம்மார், வோல்னே என்ற இரண்டு ஊர்களிலும் தோட்டத் தொழிலாளர்கள் நல்ல கோதுமை ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்தே இருக்கும் மெர்சோ என்ற ஊரில் அதே வேலையைச் செய்யும் தொழிலாளர்களின் கையில் இருந்ததோ, ரை என்னும் தானியத்தில் சுட்ட கறுத்த ரொட்டி. ஏன் இப்படி என்று அவர் விசாரித்தார். கிடைத்த விடை எளிமையானது. முதல் இரண்டு ஊர்களிலும் விளைவது சிவப்பு ஒயின். மெர்சோவில் நிலம் கல்லும் கரடுமாக இருப்பதால் சிவப்பு வகை வராது, வெள்ளை ஒயின் மட்டுமே. வெள்ளை ஒயின் அடிக்கடி தரம் கெட்டு விற்காமல் தேங்கிவிடும். எனவே அங்குள்ள முதலாளியால் தொழிலாளிக்கு நல்ல சாப்பாடு போட முடியவில்லை.

சரக்கு சந்தையில் என்ன விலை போகிறது என்பது தொழிலாளியின் தட்டில் தெரிகிறது. ரப்பர் விலை இறங்கிய மாதங்களைத் தோட்டத்தில் வாழ்ந்து பார்த்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பயணம் வந்த ஒரு வெளிநாட்டுத் தூதர் அதைக் கவனித்துத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார் என்பது சாதாரண விஷயமன்று.

அவர் தோமஸ் ஜெஃபர்சன். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், பிற்காலத்தில் அந்நாட்டின் மூன்றாவது அதிபர்.

ஜெஃபர்சன் 1743ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் வர்ஜீனியாவில் பிறந்தார். அது அப்போது பிரிட்டிஷ் காலனி. அவருடைய தந்தை பீட்டர் நில அளவையாளர், புகையிலைத் தோட்டக்காரர். மகனுக்கு 14 வயதானபோது அவர் இறந்துவிட்டார். ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலமும் அதில் உழைத்த கறுப்பின அடிமைகளும் மகனுக்கு வந்து சேர்ந்தன. பையன் படிப்பில் கெட்டிக்காரன். கல்லூரிக்குப் போய்ச் சட்டம் படித்து வழக்கறிஞரானார். மாண்டிசெல்லோ என்று தாமே பெயரிட்ட குன்றின்மேல் வீடு கட்டத் தொடங்கினார். 1772ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் மார்த்தா என்ற இளம் விதவையை மணந்தார். அடுத்த ஆண்டே மாமனார் இறந்தார். அந்த வகையில் 135 அடிமைகள் வந்தார்கள். கூடவே பெருங்கடனும் வந்தது. அந்தக் கடன் அவரைச் சாகும்வரை விடவில்லை.

அதே 1773இல் பிலிப்போ மட்சே என்ற இத்தாலியர் வர்ஜீனியாவுக்கு வந்தார். அமெரிக்க மண்ணில் ஐரோப்பியத் திராட்சையைப் பயிரிட்டுக் காட்டுவதாகச் சொன்ன அவருக்கு, ஜெஃபர்சன் தம் எல்லையை ஒட்டியே நிலம் கொடுத்தார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் கடும் உறைபனி விழுந்து இளங்கொடிகளைக் கருக்கியது. அப்புறம் சுதந்திரப் போர். மட்சே வெளிநாடு போய்விட, போரில் பிடிபட்ட ஒரு ஜெர்மன் தளபதி அவ்வீட்டில் குடியிருந்தார். அவருடைய குதிரைகள் மிச்சமிருந்த கொடிகளை மிதித்துத் தீர்த்தன. ஒயின் ஆசை அத்தோடு நின்றிருக்கலாம். ஜெஃபர்சனுக்கு நிற்கவில்லை.

1776, பிரகடனம். பிறகு வர்ஜீனியா ஆளுநர் பதவி. 1782இல் மனைவி இறந்தார். மனம் உடைந்து கிடந்தவரைப் புதிய நாடு 1784இல் பிரான்ஸுக்கு அனுப்பியது. பெஞ்சமின் பிராங்க்ளின் ஊர் திரும்பியதும் தூதர் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 1786 செப்டம்பரில் வலது கை மணிக்கட்டு பிசகிவிட்டது. தெற்கே ஒரு ஊரில் இருக்கும் கனிம நீரூற்றில் கையை நனைத்தால் குணமாகும் என்றார்கள் மருத்துவர்கள். 1787 பிப்ரவரி 28ஆம் நாள் பாரிஸிலிருந்து புறப்பட்டார். கை குணமாகவில்லை. ஆனால் கையைக் காரணம் காட்டிப் பிரான்ஸின் தென்பாதியை அவர் மூன்று மாதங்களுக்கு மேல் சுற்றி வந்தார்.

அந்தப் பயணத்தில் அவர் பார்த்த இரண்டு பெரிய ஒயின் வட்டாரங்கள் பர்கண்டியும் போர்டோவும். உலகில் சிவப்பு ஒயின் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றுவரை எதிரெதிரே நிறுத்தி ஒப்பிடுவது இந்த இரண்டையும்தான்.

பர்கண்டி கடலைப் பார்க்காத நிலம். சுண்ணாம்புக்கல் சரிவு ஒன்று வடக்கும் தெற்குமாகச் சுமார் 50 கிலோமீட்டர் நீள்கிறது. அதன் இடுப்பில்தான் நல்ல தோட்டங்கள் எல்லாம். அந்தச் சரிவைப் பண்படுத்தியதில் கிறிஸ்துவத் துறவிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1098இல் சீத்தோ என்ற இடத்தில் மடம் அமைத்த துறவிகள், தானமாகக் கிடைத்த நிலங்களில் திராட்சை நட்டார்கள். எந்தத் துண்டு நிலத்தில் எந்தச் சுவை வருகிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்தார்கள். வூஷோ என்ற ஊரில் சுமார் 50 ஹெக்டர் தோட்டத்தைச் சுற்றி அவர்கள் எழுப்பிய கல்மதில் இன்றும் நிற்கிறது. 1395இல் அந்நிலத்தின் கோமகன் பிலிப் ஒரு கட்டளை போட்டார். அதிகம் காய்த்தாலும் சுவை குறைந்த காமே வகைக் கொடிகளைப் பிடுங்கி எறிய வேண்டும் என்றார். உயர்தரமான பினோ வகைதான் பர்கண்டியின் பெயரைக் காக்கும் என்பது அவர் எண்ணம். காமேயை நம்பிப் பிழைத்த ஏழைக் குடியானவன் என்ன ஆனான் என்று கேட்க அப்போது ஆளில்லை.

போர்டோவின் கதை வேறு. அது துறைமுகம். காரோன் ஆறு நகரைத் தொட்டுக்கொண்டு ஓடிக் கடலில் கலக்கிறது. 1152இல் அந்நிலத்தின் வாரிசான எலினோர், ஹென்றி என்பவரை மணந்தார். இரண்டே ஆண்டுகளில் அவர் இங்கிலாந்தின் மன்னரானார். அந்தத் திருமணத்தால் போர்டோ ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆங்கிலேய மன்னர் ஆட்சியில் இருந்தது. 1453இல் காஸ்தியோன் போரில் பிரெஞ்சுப் படை வென்ற பிறகும் ஆங்கிலேயரின் நாக்குக்கு அந்தச் சுவை மறக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்து மெடோக் சதுப்பு நிலங்களை வடித்துக் கொடுத்தார்கள். கூழாங்கல் மேடுகளில் புதிய தோட்டங்கள் எழுந்தன. உரிமையாளர்களில் பலர் நகரத்து நீதிமன்றப் பிரபுக்கள். சரக்கை வாங்கி, பீப்பாயில் வளர்த்து, கப்பலேற்றியவர்கள் ஆங்கிலேய, அயர்லாந்து, டச்சு, ஜெர்மன் வணிகர்கள்.

துறைமுகம் ஒயினோடு நிற்கவில்லை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை போர்டோவிலிருந்து கிளம்பிய கப்பல்கள் 120,000க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைப் பிடித்துப்போய் அமெரிக்கக் கண்டத்துத் தோட்டங்களில் விற்றன. ஆற்றங்கரையில் இன்று சுற்றுலாப் பயணிகள் நின்று படமெடுக்கும் அழகிய கல் கட்டடங்களில் ஒயின் பணமும் உண்டு, கரும்புத் தோட்டப் பணமும் உண்டு, அந்த மனிதர்களை விற்ற பணமும் உண்டு.

பர்கண்டிச் சரக்கு தரைவழியில் மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் பாரிஸ் போக வேண்டும். போர்டோச் சரக்கு தோட்டத்துக்குப் பக்கத்திலேயே படகேறி, லண்டனில் இறங்கும். அதனால் பர்கண்டியில் ஒரு ஒயின் எவ்வளவு சுவையாக இருந்தாலும் பயணத்தைத் தாங்குமா என்பதுதான் விலையைத் தீர்மானித்தது. ஜெஃபர்சன் இதைப் பிடித்துக்கொண்டார். வோல்னே ஒயின் சுவையில் புகழ்பெற்ற ஷாம்பெர்தானுக்கு இளைத்ததன்று என்பது அவர் கணிப்பு. ஆனால் அது மெலிந்த ஒயின், நீண்ட நாள் தாங்காது. அதனால் ஷாம்பெர்தான் விலையில் நான்கில் ஒரு பங்குக்கே போனது. வெள்ளை வகையில் வேறுபாடு இன்னும் பெரிது. மோன்ராஷே ஒரு பெரிய பீப்பாய் அந்நாளைய பிரெஞ்சு நாணயத்தில் 1,200 லிவ்ரு. கறுத்த ரொட்டி தின்ற மெர்சோ ஊரின் மிகச் சிறந்த ஒயின் அதே அளவுக்கு வெறும் 150 லிவ்ரு.

இன்னொன்றையும் அவர் எழுதி வைத்தார். புகழ்பெற்ற தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டங்களிலும் அதே தரம் விளைகிறது என்றும், அவை பெயர் தெரியாத சாமானியர்களுக்குச் சொந்தம் என்பதால் பெயரும் வரவில்லை, விலையும் வரவில்லை என்றும் அங்குள்ளவர்கள் சொன்னார்கள். அவர் அதை நம்பினாரா இல்லையா என்பது வேறு. அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டு எழுதியதே பெரிது. போன் நகரத்தில் பீப்பாய் செய்யும் பாரான் என்பவரைத் தம் முகவராக வைத்துக்கொண்டார். அதன் பிறகு ஜெஃபர்சன் வீட்டுக்குப் பர்கண்டிச் சரக்கு வாங்கி அனுப்பியவர் அவர்தான். விலை மலிவான வோல்னேயும் மெர்சோவும் அந்தச் சரக்கில் இருந்தன.

பர்கண்டியிலிருந்து தெற்கே போனார். ஏப்ரலில் கோவேறு கழுதைமேல் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியின் வடமேற்கே இறங்கினார். அங்கே போனது ஒயினுக்காக அன்று, நெல்லுக்காக. பீட்மண்ட் வட்டாரத்து அரிசி ஏன் அமெரிக்க அரிசியைவிட நன்றாக விலைபோகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. விதைநெல்லை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோனால் மரண தண்டனை என்ற சட்டம் அங்கே இருந்தது. தூதர் சட்டைப் பைகளை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். அந்த நெல் தென் கரோலினாவுக்குப் போனது. அங்கே வயலில் இறங்கி உழைத்தவர்கள் அடிமைகள்.

நீஸ் நகரிலிருந்து ஏப்ரல் 11ஆம் நாள் நண்பர் லஃபயெத் பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். லஃபயெத் அமெரிக்கப் போரில் பங்கெடுத்த பிரெஞ்சுக்காரர். தம் சொந்த நாட்டை அறிய வேண்டுமானால் யாருக்கும் தெரியாமல் கிளம்பிப் போகும்படி அவருக்கு அறிவுரை சொன்னார். ஏழைகளின் குடிசைக்குள் நுழைந்து பானைக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும், அவர்களுடைய ரொட்டியைத் தின்று பார்க்க வேண்டும், அவர்களுடைய படுக்கையில் சாய்ந்து அது மெத்தென்று இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்றார். பிற்பாடு அந்தப் படுக்கையை இன்னும் மெத்தென்று ஆக்கவும் அந்தக் காய்கறிப் பானையில் ஒரு துண்டு இறைச்சி விழச் செய்யவும் முடிந்தால், அதைவிட இன்பம் வேறில்லை என்பது அவர் கருத்து.

அதே பயணத்தின் தொடக்கத்தில், பர்கண்டிக்குப் போகும் வழியில், பெண்களும் பிள்ளைகளும் பாரம் சுமப்பதையும் மண்வெட்டி பிடிப்பதையும் பார்த்து மனம் கசந்து எழுதியவர் அவர். நாகரிகமுள்ள நாட்டில் ஆண்கள் தங்கள் உழைப்பால் காப்பாற்ற முடிகிறவரை பெண்டு பிள்ளைகளை அவர்களின் சக்திக்கு மீறிய வேலைக்கு அனுப்பமாட்டார்கள், இது கொடிய வறுமையின் அடையாளம் என்றார். அவருடைய மாண்டிசெல்லோவில் அதே நேரத்தில் அடிமைப் பெண்கள் வயலில் மண்வெட்டி பிடித்துக்கொண்டிருந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, 1794இல், அங்கே ஆணித் தொழிற்கூடம் ஒன்றைத் தொடங்கினார். வேலைக்கு வைத்தது 10 முதல் 16 வயதுவரையுள்ள அடிமைச் சிறுவர்களை. எந்தப் பையன் எவ்வளவு இரும்பில் எத்தனை ஆணி அடித்தான் என்று கங்காணியைப்போலக் கணக்குப் பார்த்து எழுதினார். வாழ்நாளில் அவருக்கு உடைமையாக இருந்த மனிதர்கள் 600க்கும் மேல்.

மே மாதம். தெற்குப் பிரான்ஸின் பெரிய கால்வாயில் படகேறினார். குதிரை வண்டியின் சக்கரங்களைக் கழற்றிப் படகில் ஏற்றி, அதற்குள்ளேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தபடி பயணம். 24ஆம் நாள் போர்டோ வந்து சேர்ந்தார்.

நகருக்கு வெளியே ஒபிரியோன் தோட்டத்தைப் போய்ப் பார்த்தார். ஆனால் பர்கண்டிக் குறிப்புகளில் ரொட்டியும் வீடும் வந்த இடத்தில், போர்டோக் குறிப்புகளில் வணிகர் பெயர்களும் விலைகளுமே மிகுதி. ஊரின் இயல்பே அப்படி. அங்கே ஒயின் பேச்சு என்றால் தரகர் பேச்சு, கப்பல் பேச்சு. முதல் தரத்தில் நான்கு தோட்டங்களைக் குறித்தார். மார்கோ, லத்தூர், ஒபிரியோன், லஃபீத். 68 ஆண்டுகள் கழித்து, 1855 பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்டோ தரகர்கள் அதிகாரபூர்வமாகத் தரப்பட்டியல் போட்டபோதும் சிவப்பு ஒயினில் முதல் தரத்தில் நின்றவை அதே நான்குதான். இதை ஜெஃபர்சனின் தீர்க்கதரிசனம் என்று சிலர் சொல்வது கொஞ்சம் மிகை. சந்தையில் எந்தப் பெயர் என்ன விலை போகிறது என்பது அப்போதே தரகர்களுக்குத் தெரியும். அவர் அதைக் கேட்டு ஒழுங்காக எழுதிக்கொண்டார்.

வணிகர்கள் கலப்படம் செய்வார்கள் என்ற சந்தேகம் அவருக்கு வலுவாக இருந்தது. அதனால் பின்னர் தோட்டக்காரர்களுக்கே நேரடியாக எழுதி, அங்கேயே புட்டியில் அடைத்து அனுப்பச் சொன்னார். இக்கெம் தோட்டத்திலிருந்து 1784ஆம் ஆண்டு விளைந்த இனிப்பு வெள்ளை ஒயினில் 250 புட்டிகள் வாங்கினார். நாடு திரும்பி வெளியுறவு அமைச்சரான பிறகு, 1790இல், அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் சேர்த்துப் போர்டோவுக்கு ஆர்டர் அனுப்பினார். யாருடைய புட்டி எது என்று தெரிய முதலெழுத்துகளைக் குறிக்கச் சொன்னார். இந்த ஒரு விவரத்தால் பிற்காலத்தில் பெரும் கூத்தே நடந்தது. 1985இல் ஜெஃபர்சனின் முதலெழுத்து செதுக்கிய பழைய லஃபீத் புட்டி ஒன்று லண்டன் ஏலத்தில் 105,000 பவுண்டுக்குப் போனது. அது அவருடையதுதானா என்ற சந்தேகம் எழுந்து, விவகாரம் நீதிமன்றம்வரை இழுபட்டது. ஜெஃபர்சன் சல்லிக் காசுக்கும் கணக்கு எழுதிய மனிதர். அந்தப் புட்டி அவருடைய எந்தக் கணக்கிலும் இல்லை.

அவர் பாரிஸ் போனபோது ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்ற 19 வயது அடிமை இளைஞரையும் கூட்டிப்போயிருந்தார். பிரெஞ்சுச் சமையல் பழக்குவதற்காக. 1787 கோடையில் ஜேம்ஸின் தங்கை சேலியும் வந்து சேர்ந்தார், வயது 14. பிரான்ஸ் மண்ணில் அடிமைகள் நீதிமன்றம் போய் விடுதலை கேட்கலாம். இருவரும் 1789இல் அவரோடு வர்ஜீனியாவுக்கே திரும்பினார்கள். இன்னொருவருக்குச் சமையல் கற்றுக் கொடுத்துவிட்டால் விடுதலை என்று ஜேம்ஸுக்கு எழுதிக் கொடுத்தார் ஜெஃபர்சன். ஜேம்ஸ் தம் தம்பி பீட்டருக்குக் கற்றுக் கொடுத்து, 1796இல் விடுதலை பெற்றார். சேலிக்குப் பிறந்த பிள்ளைகளுக்குத் தந்தை ஜெஃபர்சன்தான் என்பதை 1998ஆம் ஆண்டு மரபணுச் சோதனைக்குப் பிறகு பெரும்பாலான வரலாற்றாய்வாளர்கள் ஏற்கிறார்கள்.

1801இல் ஜெஃபர்சன் அதிபரானார். எட்டு ஆண்டு ஆட்சியில் ஒயினுக்கு மட்டும் 10,000 டாலருக்கும் மேல் செலவு. அதிபரின் ஆண்டுச் சம்பளமே 25,000 டாலர். அதிபர் மாளிகை விருந்துக்குப் புகழ் பெற்றது. பிரெஞ்சுத் தலைமைச் சமையல்காரரிடம் வேலை பழக மாண்டிசெல்லோவிலிருந்து எடித் என்ற 15 வயதுப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். எடித்தின் கணவர் ஜோ ஃபோசெட் மாண்டிசெல்லோவில் கொல்லர். 1806 ஜூலையில் ஜோ திடீரென்று காணாமல் போனார். ஓடிப்போனவர் நேராகப் போனது தலைநகருக்கு. மனைவியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவரைப் பிடித்துச் சிறையில் அடைத்து, ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள்.

தம் சொந்தக் குன்றில் ஒயின் வடிக்கும் முயற்சியை ஜெஃபர்சன் விடவில்லை. 1807இல் 24 ஐரோப்பியத் திராட்சை வகைகளில் 287 கன்றுகளை நட்டார். ஒரு புட்டி ஒயின் கிடைத்ததற்குச் சான்றில்லை. கொடிகள் பட்டுப்போகும், மறுபடி நடுவார், மறுபடி பட்டுப்போகும். காரணம் அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. கருகல் நோயும் பூஞ்சையும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வேரைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி, ஃபிலோக்செரா. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர் அதைத் தாங்கும். ஐரோப்பிய வேர் தாங்காது.

அதே பூச்சி 1860களில் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தது. போர்டோ, பர்கண்டி இரண்டும் நாசமாயின. கடைசியில் கை கொடுத்ததும் அமெரிக்க வேர்தான். அமெரிக்க அடிக்கன்றில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டி நட்டார்கள். ரப்பர் கன்றுக்கு ஒட்டுக்கட்டிய நம் தோட்டத்து மக்களுக்கு அந்தக் கைவேலை புரியும். இன்று அந்த இரு வட்டாரங்களிலும் பெரும்பாலான கொடிகள் நிற்பது அப்படிப்பட்ட வேரில்தான்.

இடையில் பிரெஞ்சுப் புரட்சி நடந்திருந்தது. மடத்து நிலங்களைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டார்கள். துறவிகளின் மதிலுக்குள் இருந்த வூஷோ தோட்டமும் விற்பனைக்குப் போனது. வாரிசுகளுக்குச் சமபங்கு என்ற சட்டத்தால் பர்கண்டி நிலம் துண்டு துண்டாகப் பிரிந்தது. அந்த 50 ஹெக்டரும் இன்று ஏறத்தாழ 80 உரிமையாளர்கள் கையில். போர்டோவிலோ பெரிய தோட்டங்கள் பெரும்பாலும் உடையாமல் கைமாறின. வணிகக் குடும்பங்களும் வங்கிக்காரர்களும் வாங்கினார்கள், பிற்பாடு நிறுவனங்கள் வந்தன. சொந்தத் துண்டு நிலத்தில் தானே வெட்டிக் கொத்தும் சிறு உழவரைப் பர்கண்டியில் இன்னும் பார்க்கலாம். 1787இல் கறுத்த ரொட்டி கண்ட மெர்சோவின் வெள்ளை ஒயின் இப்போது விலையுயர்ந்த சரக்கு.

பதவி முடிந்து ஊர் திரும்பிய ஜெஃபர்சனைக் கடன் நெருக்கியது. 1815இல் தம் நூலகத்தையே, ஏறக்குறைய 6,500 நூல்களை, அரசுக்கு 23,950 டாலருக்கு விற்றார். ஒயினை விடவில்லை. விலை உயர்ந்த போர்டோவுக்குப் பதில் தெற்குப் பிரான்ஸின் மலிவான ஒயின்களை வரவழைத்தார். ஒயினுக்கு வரி குறைந்தால் ஏழைகள் விஸ்கியை விட்டுவிடுவார்கள், மலிவாக ஒயின் கிடைக்கும் எந்த நாடும் குடியில் மூழ்கியதில்லை என்று 1818இல் வாதாடினார். மலிவுச் சம்சு தோட்டப்புறத்தில் எத்தனை குடும்பங்களைக் கெடுத்தது என்று பார்த்தவர்களுக்கு அந்த வாதம் அவ்வளவு எளிதில் தொண்டையில் இறங்காது. தன் வீட்டு மேசையிலிருந்து உலகைப் பார்த்தவரின் கணக்கு அது.

அந்த மேசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாண்டிசெல்லோ சாப்பாட்டு அறையின் கணப்படுப்புக்கு இரு பக்கமும் சுவருக்குள் சிறு தூக்கிப் பெட்டிகள் இருந்தன. கீழே நிலவறையில் ஓர் அடிமை புட்டியை வைத்துக் கயிற்றை இழுத்தால் மேலே விருந்தினர் கைக்கு வந்துவிடும். புட்டி வருவது தெரியும், வைத்த கை தெரியாது. சமையலறையில் நின்றவர் எடித். அதிபர் மாளிகையில் பழகிய பிரெஞ்சுச் சமையலை ஜெஃபர்சன் சாகும்வரை அங்கே சமைத்துப் போட்டவர் அவர்தான். வீட்டுக்குப் பக்கத்தில் மல்பெரி மரங்கள் வரிசையாக நின்ற பாதையோரம், லயம் மாதிரி அடிமைகளின் மரக் குடில்கள். லஃபயெத்துக்கு அவர் சொன்ன சோதனையைச் செய்து பார்க்க அவர் நடக்க வேண்டிய தூரம் கொஞ்சம்தான்.

1826 ஜூலை 4ஆம் நாள், சுதந்திரப் பிரகடனத்தின் 50ஆவது ஆண்டு நிறைவன்று, 83ஆவது வயதில் ஜெஃபர்சன் காலமானார். அவருக்கு முன் அதிபராக இருந்த ஜான் ஆடம்ஸ் உயிர் பிரிந்ததும் அதே நாளில்தான். விட்டுச்சென்ற கடன் சுமார் 107,000 டாலர். உயிலில் ஐந்து பேருக்கு மட்டும் விடுதலை. கொல்லர் ஜோ ஃபோசெட் அவர்களில் ஒருவர். ஜோவின் மனைவி எடித்தும் பிள்ளைகளும் அந்த ஐவரில் இல்லை.

1827 ஜனவரி மாதக் குளிரில் மாண்டிசெல்லோ புல்வெளியில் ஏலம் நடந்தது. வீட்டுச் சாமான்கள், மாடுகள், 130 மனிதர்கள். எடித்தும் பிள்ளைகளும் வெவ்வேறு ஆட்களுக்குப் போனார்கள். ஜோ கொல்லுப் பட்டறையில் உழைத்துச் சேர்த்து மனைவியையும் சில பிள்ளைகளையும் விலைக்கு மீட்டார், எல்லோரையும் முடியவில்லை. மகன் பீட்டருக்கு ஏலத்தன்று வயது 11. அவர் விடுதலை அடைய இன்னும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பிறகு ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் குடும்பத்தோடு சேர்ந்து, விருந்துகளுக்குச் சமையல் ஒப்பந்தம் எடுத்துப் பிழைத்தார். தேவாலயப் போதகராகவும் இருந்தார். 1900ஆம் ஆண்டு, 85 வயதில், நண்பர்கள் செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுக்க, பீட்டர் ஃபோசெட் மாண்டிசெல்லோவுக்குப் போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.